பைபாஸ் என்று மட்டும் சொல்லச் சொன்னாய்

பிரபு,

நலமா என்று கேட்டுத்தான் எல்லோரும் கடிதத்தைத் தொடங்குவார்கள். நமக்குள் இருக்கும் சண்டையே அந்தக் கேள்வியைப் பற்றியதுதான் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் உனக்குப் பேசியிருக்கும் நித்யாவின் வீட்டில் பேசிவிட்டு வந்த நாளிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. அப்பா போன் செய்தால் எடுக்கிறாய். பின்னால் என் குரல் கேட்டதும் சிக்னல் இல்லை என்கிறாய். ஓசூரில் எனக்கு மட்டும் சிக்னல் இல்லாமல் போவது எப்படி என்று நான் கேட்கப் போவதில்லை. நீ கடைசியாகச் சொன்னது, "பெத்த மகன் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேம்மா" என்பது. அதற்கு நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். பதில் இதோ இருக்கிறது. நீ குறுக்கே பேச முடியாது என்பதால் முழுதாகச் சொல்லிவிடுவேன். இதை ஒளித்து மறைத்து எழுதவில்லை. அப்பா படிக்கட்டும், நித்யா படிக்கட்டும், ராஜபாளையமே படித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை.

உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நீ அதை வேறு மாதிரிச் சொல்லப் பழகிவிட்டாய். சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கம்பெனியில் நான் வேலை பார்த்த வருஷங்களில் துணி மடிக்கும் இடம் மாடியில் இருந்தது. பாதிப் படியில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும். நெஞ்சை யாரோ முழங்கையால் அழுத்துகிற மாதிரி இருக்கும். கண் இருட்டும். கேஸ் என்றார் ஒரு டாக்டர். உடம்பைக் குறைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்களுக்கு இப்படித்தான் என்று மாத்திரை எழுதித் தந்த டாக்டரம்மாவும் உண்டு. "உனக்கு வேலைன்னா மட்டும் மூச்சு வாங்கும்" என்று அப்பா சொல்வார், சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆண்கள் நெஞ்சைப் பிடித்தால் ஆட்டோ வரும். நான் நெஞ்சைப் பிடித்தபோதெல்லாம் வீட்டில் சோடாதான் வந்தது. ஒரு நாள் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு நான் சமையலறைத் தரையில் விழுந்த பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப் போனீர்கள்.

அங்கே முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்களில் அடைப்பு இருக்கிறது, பைபாஸ் செய்தால் சரியாகிவிடும் என்றார்கள். நீயும் நானும் நிம்மதியாகக்கூட இருந்தோம், ஒரு பெயர் கிடைத்துவிட்டதே என்று. இரண்டாவதாகப் பார்த்த ஆபரேஷன் டாக்டர்தான் எக்கோ ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொன்னார். திரையைத் திருப்பி உன்னிடம்தான் காட்டினார், நினைவிருக்கிறதா? "உங்கம்மாவுக்கு அடைப்பு மட்டும் இல்ல தம்பி. இதயத்துக்கு நடுவுல இருக்கிற சுவர் ரொம்பத் தடிச்சிருக்கு. ரத்தம் வெளியே போற வாசலை அந்தச் சதை மறைக்குது. பைபாஸ் மட்டும் பண்ணி அனுப்புனா பழையபடி மயங்கி விழுவாங்க. அந்தச் சதையையும் சீவி எடுக்கணும். ரெண்டையும் ஒரே தடவையில பண்ணிடலாம்." ரெண்டையும் சேர்த்துச் செய்தால் ஆபத்து கூடுமா என்று நீ கேட்டாய். கூடும் என்றார், ஒளிக்கவில்லை. சதை மட்டும் தடித்தவர்கள் சீக்கிரம் தேறிவிடுவார்கள், கூடவே அடைப்பும் உள்ளவர்களுக்கு அந்த அளவு எளிதாக இருக்காது, வயதும் ஆகியிருக்கும், ஆனால் ஒன்றைச் செய்து ஒன்றை விட்டால் செய்ததும் வீண் என்றார்.

பிறகு அவர் என்னைப் பார்த்து, "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்று கேட்டார். என் தம்பி என்றேன். உன் பாலு மாமாவை உனக்கு நினைவிருக்காது, உனக்கு அப்போது பேச்சே சரியாக வராது. ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலிபால் ஆடிவிட்டு, குழாயில் தண்ணீர் குடிக்கக் குனிந்தவன் அப்படியே முன்னால் சாய்ந்தான். அவ்வளவுதான். டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "இப்ப யாரும் உறுதியாச் சொல்ல முடியாதும்மா. ஆனா இதுவாத்தான் இருந்திருக்கணும். இது ரத்தத்துல வர்றது. பெத்தவங்களுக்கு இருந்தா பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. தம்பி, நீங்க எக்கோ எடுத்தீங்களா?" என்றார். நீ போனை எடுத்துப் பார்த்தாய். யாரும் கூப்பிடவில்லை, பிரபு. எனக்கு அது தெரிந்தது. அந்த நிமிஷத்தில் உன்னை நான் குறை நினைக்கவில்லை. என் பயமே எனக்குப் பெரிதாக இருந்தது.

உன்னிடம் நன்றியில்லாதவள் இல்லை நான். ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் நர்ஸ் வந்து முடியை இரண்டாகப் பின்ன வேண்டும் என்றாள். எனக்குக் கையைத் தூக்கினால் படபடத்தது. அப்பாவுக்கு வராது. நீதான் கட்டிலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எனக்கு ரெட்டைச் சடை பின்னினாய். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக இருந்தது. "ஸ்கூலுக்குப் போற பிள்ள மாதிரி இருக்கம்மா" என்றாய். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். போனைக் கட் செய்கிறவன் யாரென்றுதான் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்த சாத்தூர்க்காரரையும் நீ மறந்திருக்க மாட்டாய். அவருக்கும் அதே இரண்டு ஆபரேஷன், எனக்கு முன்னால் செய்தார்கள். அவர் மனைவி எனக்கு இட்லி கொண்டுவந்து தருவாள், "நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே நோவு மதினி" என்பாள். அவர் ஐசியுவிலிருந்து வார்டுக்குத் திரும்பவில்லை. அவள் சாமான்களை எடுக்க வந்தபோது என்னைப் பார்க்காமலே போனாள். மறுநாள் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் பிழைத்தேன். ஆனால் சும்மா பிழைக்கவில்லை. சதையைச் சீவிய இடத்தில் துடிப்புக்கான பாதை அறுந்துவிட்டது என்று தோள் எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் பெட்டி வைத்தார்கள். நாடி தாறுமாறாக ஓடிச் சில வாரங்கள் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தின்றேன். நெஞ்சைவிடக் கால்தான் அதிகம் வலித்தது. பைபாஸுக்காக அதில் நரம்பெடுத்த இடம் சீழ் பிடித்து, தினம் பேண்டேஜ் மாற்றினார்கள். நான் மடித்து அனுப்பிய துணியாகக்கூட இருக்கலாம் என்று அப்பா ஜோக்கடித்தார். இதெல்லாம் போக, இன்றைக்கு நான் மாடி ஏறுகிறேன். மூச்சு என்பது இப்படித்தான் இருக்குமா, எல்லோருக்கும் இத்தனை வருஷம் இப்படித்தான் இருந்ததா என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இப்போது நித்யாவின் வீட்டார் வந்த நாளுக்கு வருகிறேன். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வங்கியில் வேலை பார்க்கிறாள், அவள் அப்பா பம்பு மோட்டார்க் கடை வைத்திருக்கிறார், நல்ல மனிதர்கள், நீயே பார்த்துப் பிடித்துப்போன பெண். அவர்கள் கார் தெருவுக்குள் திரும்பும்போது நீ சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினாய்.

"அம்மா, அவுக கேட்டா பைபாஸ்னு மட்டும் சொல்லு. மத்தது வேண்டாம்."

"ஏன்?"

"பைபாஸ் எல்லார் வீட்லயும் இருக்கும்மா. அது பெரிய விஷயமில்ல. இது பரம்பரைன்னு தெரிஞ்சா அவ்வளவுதான்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர், "அவன் சொல்றதும் சரிதானே. பொய்யா சொல்லச் சொல்லுதான்? பாதியத்தான சொல்லுதான்" என்றார். ஒரே நெஞ்சு, ஒரே தழும்பு, அதற்குள் இரண்டு வேலை நடந்தது. ஒன்றை ஊருக்குச் சொல்லலாம், ஒன்றைச் சொல்லக் கூடாது என்று அப்பாவும் மகனும் அடுப்படியில் நின்று பங்கு பிரித்தீர்கள். என் உடம்பை.

நித்யாவின் அப்பா உட்கார்ந்ததும் என் உடம்பைத்தான் விசாரித்தார். நீ முந்திக்கொண்டு பைபாஸ் என்றாய். "அட, எங்கண்ணனுக்கும் பைபாஸ்தான். இப்ப ஸ்கூட்டர்ல சுத்துதாரு, வீட்ல இருக்க மாட்டேங்காரு" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தீர்கள். நித்யா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பு விலகியதில் தோளுக்குக் கீழே புடைத்திருந்த பெட்டியைப் பார்த்துவிட்டாள். "அத்தை, பைபாஸுக்கும் இது வைப்பாகளா?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அது சும்மா ஒரு சேஃப்டிக்கு" என்று நீ சொல்லிவிட்டாய். அவள் உன்னைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் காபி ஆறுகிறது குடி என்றேன்.

நிச்சயத்துக்கு நாள் குறித்த பிறகு நான் தேவதானத்துக்குப் போனேன். பாலுவின் மனைவி செல்வி அத்தையை அழைக்கத்தான் போனேன். அவளை நம் வீட்டு நல்ல காரியம் எதற்கும் யாரும் அழைத்ததில்லை. ஏன் என்று நீ கேட்டதும் இல்லை, சொல்கிறேன். பாலு செத்த அன்றைக்கே எங்கள் வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. வந்து வருஷம் திரும்பவில்லை, புருஷனைத் தின்றுவிட்டாள், ராசி கெட்டவள், அவள் கால் வைத்த நேரம் என்று. எங்கள் அம்மா அவள் முகத்துக்கு நேரே சொன்னாள். கருமாதி முடிந்ததும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். இருபத்திரண்டு வயது. மறுபடி யாரும் பெண் கேட்டு வரவில்லை, வந்தவர்களிடமும் யாராவது போய் ராசியைச் சொல்லியிருப்பார்கள். தன் அப்பா வீட்டு வயலில் நாற்று நட்டுக்கொண்டு, தம்பி பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இருந்துவிட்டாள்.

நான் போனபோது வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னேன். பாலுவுக்கு இதயத்தில் சதை தடித்திருந்திருக்கும், அது எங்கள் ரத்தத்தில் வந்தது, உன்னால் வந்ததில்லை, உன் ராசியால் வந்ததில்லை என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் காலைக் கழுவி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இத யாருட்டப் போயி நான் சொல்ல மதினி? பேசுனவுகல்லாம் செத்துப் போனாக. ஒங்கம்மாவும் போயிட்டாக. நான் மட்டும் கேட்டுக்கிட்டு என்ன செய்ய?"

பிறகு அவளே கேட்டாள். "பிரபுவுக்குப் பாத்துட்டியளா?"

இன்னும் இல்லை என்றேன்.

"கட்டிக்கப் போற பிள்ளைக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அவள் செம்பைக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப நான் நிச்சயத்துக்கு வரல மதினி. வெட்டப் போற ஆட்டுக்குத் தெளிக்க மாதிரி இன்னொருத்தி தலையில மஞ்சத்தண்ணி தெளிக்கதப் பாக்க என்னால முடியாது" என்றாள். நான் கொண்டுபோன பூவை வாங்கவில்லை.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதுதான் ஓடியது. நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனால், நான் வாய் கூசாமல் சொல்கிறேன், ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள், நித்யாவை என்ன சொல்வார்கள்? நம் வீட்டுக்கு வந்து போகிற ஒவ்வொருத்தியும் என்ன சொல்வாள் என்று எனக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். ராஜபாளையத்தில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் உனக்குத்தான் முதலில் போன் செய்தேன். எக்கோ எடுத்துவிடு, என்ன வந்தாலும் அவர்களிடம் சேர்ந்து சொல்லுவோம் என்றேன். எத்தனை முறை கெஞ்சினேன். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வாரத்துல ரெண்டு நாள் பேட்மிண்டன் ஆடுதேன். நோயாளி எங்காவது பேட்மிண்டன் ஆடுவானா?" என்றாய். என் தம்பி வாலிபால் ஆடினான், பிரபு. ஊரிலேயே உயரமாக எம்பி அடிப்பவன் அவன்தான்.

அடுத்த நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், அவர் வரவில்லை. நித்யாவையும் அவள் அப்பா அம்மாவையும் ஒன்றாக உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பாலுவைச் சொன்னேன், செல்வியைச் சொன்னேன். எனக்குச் செய்த இரண்டு ஆபரேஷனையும் சொன்னேன். அவள் அப்பாவின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "இம்புட்டையும் மனசுல வச்சுக்கிட்டுத்தான் எங்களுக்குக் காபி குடுத்தியளா? எம்புட்டு நம்பிக்கையா வந்தோம் ஒங்க வீட்டுக்கு!" என்று எழுந்துவிட்டார். அவர் கேட்டது நியாயம். தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். நித்யாவின் அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், ஆனால் குடியுங்கள் என்று சொல்லவில்லை. நித்யா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவுகளுக்கு இருக்கா அத்தை?" இன்னும் பார்க்கவில்லை என்றேன். "அம்மாவுக்கு நெஞ்சைத் திறந்து பாத்த பொறவுமா பாக்கல?" என்றாள்.

நீ நினைப்பது என்னவென்று எனக்குத் தெரியும். நாலு பேர் கூடுகிற இடத்தில் உன்னை அவமானப்படுத்திவிட்டேன் என்று நினைக்கிறாய். நான் நினைப்பதையும் கேள். நீ அவர்களிடம் மறைத்தாய் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நீ உன்னிடமே மறைக்கிறாய். சட்டையைக் கழற்றி அந்த எக்கோ மேஜையில் படுக்க உனக்குப் பயம். பயப்படு, அதில் வெட்கமில்லை. எனக்கும் பயமாக இருந்தது, சாத்தூர்க்காரர் போன மறுநாள் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது நான் பயத்தில் சிறுநீர்கூடப் போய்விட்டேன், நர்ஸ் யாரிடமும் சொல்லாமல் துணி மாற்றினாள். ஆனால் உன் பயத்தை மூடிவைக்க ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வராதே. அவள் உனக்குப் போர்வை இல்லை. உனக்கு அது இல்லாமலே போகலாம், பாதிக்குப் பாதி என்றால் அதற்கும் அர்த்தம் இருக்கிறது. இருந்தாலும் இன்றைக்கே யாரும் உன்னைக் கத்தி வைத்துக் கிழிக்கப் போவதில்லை. மாத்திரை இருக்கிறது, பார்த்துக்கொள்ள டாக்டர் இருக்கிறார். என் தம்பிக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. உனக்குச் சொல்லச் சொல்ல நீ காதைப் பொத்துகிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நித்யா வந்தாள். இதை அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். தனியாகத்தான் வந்தாள், வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு. கொஞ்சம் இளைத்திருந்தாள். நான் சோறு போட்டேன், சாப்பிட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"எங்கப்பா வேண்டாம்னுட்டாக அத்தை. நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. அவுகளுக்கு அது இருந்தாலும் பரவாயில்லன்னு சினிமாவுல மாதிரி நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பயமாத்தான் இருக்கு. டெஸ்ட் எடுக்கட்டும், நானும் கூட வாரேன். இருந்தா உக்காந்து பேசுவோம். அப்பவும் நான் சரின்னு சொல்லுவேனான்னு எனக்கே இப்ப தெரியல. ஆனா டெஸ்டே எடுக்க மாட்டேன்னா, பொறவு பேச ஒண்ணுமில்ல. இத அவுகளுட்டப் போன்ல சொன்னேன். கட் பண்ணிட்டாக."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. என்னிடம் மட்டும்தான் நீ இப்படி என்று நினைத்திருந்தேன்.

புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் கேட்டாள். "வருவாகளா அத்தை?" அவள் குரலில் கோபமில்லை. நான் சொல்வதை அப்படியே நம்பிக்கொண்டு ஊருக்குப் போகத் தயாராக நின்றாள். வருவான்மா, என் பிள்ளை எனக்குத் தெரியாதா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏற்கெனவே ஒருமுறை என் வீட்டில் வைத்து அவளிடம் பாதி சொல்லியாயிற்று. "தெரியலயேம்மா" என்றேன். உன்னைப் பெற்றவள் அதைத்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அம்மா